என்பும் ஏழையும்

மயிலாப்பூரிலே குடத்தில் வைக்கப்பட்ட எலும்பும் சாம்பலும் பூம்பாவையென்னும் கன்னியாக உயிர்பெற்றெழுந்த கதையைச் சேக்கிழார் வாயிலாக நாம் அறிவோம். எலும்பிலிருந்து மீண்டும் உடம்பு எழக்கூடும் என்ற ஆசை மனிதனுக்குப் பழமையானது. அவ்வாசை இன்று பதிகத்தை விட்டு ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கின்றது. விபத்திலே நொறுங்கிய, புற்றுநோய்க்காக வெட்டியகற்றப்பட்ட, பிறவியிலேயே குறைபட்ட எலும்பின் இடத்தில், உயிரினத்திலிருந்து பெறப்பட்ட பொருளாலான மெல்லிய பஞ்சு ஒன்றை வைத்து, அதன்மீது நோயாளியின் சொந்தக் கலங்களே புதிய எலும்பைக் கட்டுமாறு செய்யும் கலையை விஞ்ஞானிகள் வளர்த்து வருகின்றனர். இக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு அமைதியடைகின்றனர். அப்பஞ்சு எதனாலானது, அப்பொருளை மனிதர் முதன்முதலில் எதற்காகப் பிரித்தெடுத்தனர் என்று கேட்போமாயின் வேறொரு வரலாறு தெரிய வருகின்றது. அது ஏழைகளின் வயிற்றிலே தொடங்குகின்றது.

எலும்பு வெறுங் கல்லன்று. கோழியின் காலெலும்பொன்றை வினாகிரியிலே சில நாட்கள் ஊறவிட்டால் அது இறப்பரைப்போல வளையும். இன்னொன்றைத் தீயிலே நன்கு சுட்டால் வடிவம் மாறாதிருந்து, தொட்டவுடன் தூளாகும். எந்தக் கிராமப் பாடசாலையிலும் செலவின்றிச் செய்து காட்டக்கூடிய இச்சோதனை எலும்பின் இரட்டைத் தன்மையைத் தெளிவாக்கும். முதலாவதிலே அமிலமானது கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிப்பொருளைக் கரைத்துவிட்டது. எஞ்சியது கொலாஜன் என்னும் புரத நார். இரண்டாவதிலே தீயானது நாரை எரித்துவிட்டது, எஞ்சியது கனிப்பொருள். நாரில்லாத எலும்பு நொறுங்கும். கனிப்பொருளில்லாத எலும்பு துவளும். கொலாஜன் என்ற பெயரே பசையை உண்டாக்குவது எனப் பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுத்த தொழிலாளி, விஞ்ஞானி பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பொருளைக் கையாலே அறிந்திருந்தான். நீரிலே நெடுநேரம் காய்ச்சப்பட்ட கொலாஜனே ஜெலற்றின் ஆகின்றது.

உயிருள்ள எலும்பு ஓயாமல் அழிந்து ஓயாமற் கட்டப்படுவது. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரிக்க, மற்றொருவகைக் கலங்கள் முதலிலே கொலாஜன் நாரைச் சுரந்து, பின்னர் அந்நாரின்மீது கனிப்பொருளைப் படிய வைக்கின்றன. சிறிய முறிவை உடம்பு தானே பொருத்திக்கொள்ளும். இடைவெளி பெரிதாயின், கலங்கள் பற்றிச் செல்ல வழியின்றிப்போக, அவ்விடத்தை வடுவிழையம் நிரப்பிவிடும். மேசன்மார் சுவரெழுப்பும்போது கட்டும் சாரத்தைப் போன்ற ஒன்று அங்கே தேவைப்படுகின்றது. கலங்களும் குருதிக் குழாய்களும் நுழையத்தக்க துளைகள் அதில் இருத்தல் வேண்டும்; உடம்பு அதனைப் பகையென்று ஒதுக்கலாகாது; புதிய எலும்பு வளர வளர அது தானே கரைந்து போதல் வேண்டும். இவற்றுட் பலவற்றைக் கொலாஜன் இயல்பிலேயே உடையது. இறால் ஓட்டிலிருந்து பெறும் கைற்றோசான், கடற்பாசியின் அல்ஜினேற்று, பட்டுநூலின் புரதம் ஆகியனவும் இன்று இவ்வேலைக்காகச் சோதிக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தனித்தனி வரலாறுகளுண்டு. இங்கு நாம் கொலாஜனின் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தரான டெனி பப்பேன் என்பவர் இங்கிலாந்திலே வாழ்ந்தபோது, நீராவியின் அழுத்தத்தால் எலும்பை மென்மையாக்கும் பாத்திரமொன்றை ஆக்கி, 1681-ஆம் ஆண்டிலே அதுபற்றி நூலொன்றும் வெளியிட்டார். இன்று எமது அடுக்களையிலே சீறும் அழுத்தச் சமையற் பாத்திரத்தின் மூதாதை அதுவே. அடுத்த ஆண்டிலே இலண்டன் றோயல் சங்கத்துப் பெரியோர் சிலர் அப்பாத்திரத்தில் வெந்த எலும்பை உண்டு மகிழ்ந்தனர். அவர்களுக்கு அது விருந்தின் வேடிக்கை. ஆனால் கசாப்புக்கடையிலே எறியப்படும் எலும்பிலிருந்தும் உணவு எடுக்கலாம் என்ற எண்ணம் அன்றே விதைக்கப்பட்டுவிட்டது.

அவ்விதை முளைத்த இடம் பாரிஸ் நகரம். புரட்சி முடிந்து, நெப்போலியனின் போர்களும் ஓய்ந்து, முதலாளி வர்க்கம் ஆட்சியிலே தன்னை உறுதிப்படுத்திக்கொண்ட காலம் அது. நகரிலே பட்டினி பெருகிற்று. பட்டினி கிடப்போர் தெருவுக்கு வந்தால் என்ன நேரும் என்பதை 1789 ஆளுவோருக்குக் கற்பித்திருந்தது. ஆதலின், மிகக் குறைந்த செலவில் ஏழைக்கு உணவளிப்பது எவ்வாறு என்ற வினா இரசாயன விஞ்ஞானத்தின்முன் வைக்கப்பட்டது. டார்செ என்ற இரசாயனவியலாளர் விடை கண்டார். ஐதரோக்குளோரிக்கமிலத்திலே எலும்பை ஊறவைத்துக் கனிப்பொருளை நீக்கினால் எஞ்சுவது நார். அதைக் காய்ச்சினால் ஜெலற்றின். ஜெலற்றினோடு சிறிது இறைச்சியும் மரக்கறியும் சேர்த்தால் சூப். பின்னர் அமிலத்தை விடுத்து நீராவியாலேயே ஜெலற்றினைப் பிரிக்கும் கருவியையும் அவர் அமைத்தார். 1829-ஆம் ஆண்டளவில் பாரிசின் சென் லூயி வைத்தியசாலையிலே அக்கருவி இயங்கத் தொடங்கிற்று. இறைச்சியின் ஊட்டம் முழுவதும் எலும்புச் சாற்றிலே உண்டு என்று அறக்கொடையாளர் முழங்கினர். நோயாளிகளும் வறியோரும் அச்சாற்றைக் குடித்தனர்.

டார்செயை நாம் கயவர் என்று கொள்வதற்கில்லை. ஏழைக்கு நன்மை செய்வதாகவே அவர் உறுதியாக நம்பினார். பிழை அவர்முன் வைக்கப்பட்ட வினாவிலேயே இருந்தது. மனிதனுக்கு வேண்டிய உணவு எது என்று எவரும் கேட்கவில்லை. எவ்வளவு குறைவாகக் கொடுத்து அவனை வேலைக்குத் தக்கவனாக வைத்திருக்கலாம் என்றே கேட்டனர். 1831-இல் டொன்னே என்ற இளம் வைத்தியர் ஜெலற்றினைத் தாமும் உண்டு, நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். தம் உடல் மெலிந்ததைக் கண்டு விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். கழகம் குழுவொன்றை நியமித்தது. உடற்றொழிலியல் வல்லுநரான மஜாந்தி அதன் அறிக்கையை எழுதினார். அறிக்கை வெளிவந்த ஆண்டு 1841. பத்தாண்டுகள்! அதற்கிடையிலே எத்தனை கிண்ணம் சூப் எத்தனை நோயாளரின் கையில் வைக்கப்பட்டது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். ஜெலற்றினை மட்டும் உண்ட நாய்கள் மெலிந்து மடிந்தன என்று குழு கண்டது. காரணம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. மனித உடம்பு தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களுள் ஒன்றாகிய திரிப்தோபன் ஜெலற்றினில் அறவே இல்லை. அப்பொருளையே ஹொப்கின்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1901-இல்தான் பிரித்தறிந்தார். ஏழையின் உடம்பு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்த உண்மை அது.

பாரிசிலே எலும்பு ஏழைக்கு உணவெனக் கொடுக்கப்பட்டதாயின், இங்கிலாந்திலே அது தண்டனையெனக் கொடுக்கப்பட்டது. 1834-ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம், உதவி கேட்டு வருவோரின் வாழ்க்கை வெளியிலுள்ள மிக வறிய கூலியாளின் வாழ்க்கையிலும் இழிந்ததாயிருத்தல் வேண்டும் என்ற கொள்கையின்மீது எழுந்தது. ஏழையர் விடுதிகளிலே வேலை கட்டாயம். ஹம்ப்ஷயர் மாவட்டத்து அண்டோவர் என்னும் ஊரின் விடுதியிலே அவ்வேலை, வயலுக்கு எருவாக எலும்பிடிப்பது. வயலுக்குப் பொசுபேற்று வேண்டியிருந்தது. எலும்புக்கு நல்ல விலையிருந்தது. கனத்த இரும்புலக்கைகளால் குதிரை, மாடு ஆகியவற்றின் எலும்புகளை ஆண்கள் இடித்தனர். விடுதித் தலைவனோ, சட்டம் விதித்த குறையுணவையும் மேலும் குறைத்து, மிகுதியைத் தனதாக்கிக்கொண்டவன். பசி தாங்காத மனிதர், இடிக்கக் கொடுத்த எலும்பிலே ஒட்டியிருந்த அழுகிய தசைநாரையும் மச்சையையும் கடித்துத் தின்றனர். நல்ல எலும்பொன்று வந்தால் அதற்காகத் தம்முட் சண்டையிட்டனர்.

1845-இல் இச்செய்தி வெளிவந்தது. மருத்துவப் பத்திரிகையொன்றின் நிறுவனரும் பாராளுமன்ற உறுப்பினருமான தோமஸ் வக்லி சபையிலே வினா எழுப்பினார். விடுதிகளில் எலும்பிடிக்கும் வேலை நிறுத்தப்பட்டது. 1846-இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. 1847-இல் ஏழையர் சட்ட ஆணைக்குழுவே கலைக்கப்பட்டு வேறு சபையொன்று அதனிடத்தில் அமைந்தது. ஆணைக்குழு மாறிற்றேயன்றி விடுதிகள் மாறவில்லை. அவை மேலும் பல்லாண்டுகள் நிலைத்தன. அண்டோவரின் பசித்த மனிதர் பற்களால் இழுத்தெடுத்த அந்தத் தசைநார் எதனாலானது என்பதை வாசகர் இதற்குள் அறிவர். அது கொலாஜன்.

சத்திரசிகிச்சை இக்கதையினுள் நுழைவது கிளாஸ்கோ நகரிலே. வில்லியம் மக்யூவன் என்பவர் 1879-80 ஆண்டுகளில் ஒரு சிறுவனின் கைக்கு மறுவாழ்வளித்தார். என்பழற்சியினாலே மேற்கையெலும்பின் பெரும்பகுதியை இழந்து, கை துணிபோலத் தொங்க நின்ற குழந்தை அவன். வேறு நோயாளரின் காலிலிருந்து வெட்டியெடுத்த எலும்புத் துண்டுகளை அவனது கையிலே பலமுறையாக மக்யூவன் பதித்தார். எலும்பு வளர்ந்தது, கை வேலை செய்தது. 1881-இல் றோயல் சங்கத்துக்கு அவர் அதனை எழுதினார். இது எலும்பொட்டு வரலாற்றிலே முதன்மையான நிகழ்ச்சி என்பர். ஒட்டுவதற்கு அத்துண்டுகள் எங்கிருந்து கிடைத்தன? கிளாஸ்கோவின் நெருக்கடிச் சேரிகளிலே, புகைமூட்டம் ஞாயிற்றை மறைக்க, நல்லுணவும் இல்லாது வளர்ந்த பிள்ளைகளுக்கு என்புருக்கி நோய் கண்டு கால்கள் வில்லாக வளைந்தன. அக்கால்களை நிமிர்த்துவதற்காக ஆப்பு வடிவிலே எலும்பை வெட்டியெடுக்கும் சிகிச்சையில் மக்யூவன் புகழ்பெற்றவர். அவ்வாறு வெட்டி எடுத்தவையே சிறுவனின் கைக்குள் சென்றன. வறுமை வளைத்த காலின் துண்டு, நோய் அரித்த கைக்கு எலும்பாயிற்று. மக்யூவனின் கைத்திறன் பெரிது. அவருக்குத் தட்டின்றி எலும்பு வழங்கிய நகரத்தின் நிலையோ அறிக்கைகளில் இரண்டொரு சொற்களோடு முடிந்துவிடுகின்றது.

அடுத்த அடியை வைத்தவர் சுவிற்சலாந்திலே பிறந்து அமெரிக்காவிலே தொழில் புரிந்த நிக்கலஸ் சென். 1889-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலே, மாட்டெலும்பை ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஊறவைத்துக் கனிப்பொருளை நீக்கி, கிருமிகொல்லியான அயடபோமைச் சேர்த்து, நோயுற்ற எலும்பின் குழிகளை அதனால் நிரப்பியதை விவரித்தார். அவர் விரும்பியது கிருமிகொல்லியைத் தாங்கி நிற்கும் பொருளொன்று. ஆனால் குழியின் சுவரிலிருந்து எலும்பு வளர்ந்து அந்நாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை அவர் கண்டார். டார்செ சூப்புக்காக எலும்பை எந்த அமிலத்தில் ஊறவைத்தாரோ அதே அமிலம். கிடைத்ததும் அதே நார். டார்செயின் நாருக்கும் சென்னின் நாருக்கும் இரசாயனத்திலே வேற்றுமையில்லை. எதற்காக என்ற வினாவே மாறியிருந்தது.

அந்நாரின் அமைப்பு எத்தகையது என்ற வினாவுக்கு விடை தேடியவர்களுள் எமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரத்தவர் முன்னின்றனர் என்பதை நினைவிற்கொள்ளுதல் தகும். ஜே. டி. பேர்னால் என்ற பிரித்தானிய விஞ்ஞானியை எமது வாசகர் அறிவர். விஞ்ஞானத்தின் சமூகப் பணியைப்பற்றி 1939-இலேயே நூலெழுதிய மார்க்சியவாதி அவர். 1952-இல் சென்னைக்கு வந்த அவர், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று ஜி. என். இராமச்சந்திரனிடம் கூறினார். அப்போது முப்பது வயதினரான இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைமையை ஏற்றிருந்த புதிது. 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அயலிலே இருந்தது. கங்காருவின் வால் தசைநார் அங்கிருந்து கிடைத்தது. அதனூடே எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இலும் 1955-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என நிறுவின. கேம்பிறிட்சிலே றிச்சும் கிறிக்கும் அதே வேளையில் அவ்வமைப்பிலே திருத்தங்களைக் கூறினர். புகழ் எவருக்குரியது என்ற வாதம் நீண்டகாலம் நடந்தது. அவ்வாதத்திலே எவருக்கும் நினைவு வராத ஒரு கூட்டத்தார் உளர். சென்னையிலே தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கே காரணம் அம்மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில். செத்த மாட்டின் தோலை உரித்து, சுண்ணாம்புக் குழியிலே நின்று, அந்த நாற்றத்துக்காகவே தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட மக்களின் கைகளே அத்தொழிலைத் தாங்கி நின்றன. தோல் பதனிடுதல் என்பது கொலாஜனை அழுகாமற் காப்பதன்றி வேறென்ன?

1965-இலே லொஸ் ஏஞ்சலிசைச் சேர்ந்த மார்ஷல் யூரிஸ்ட் என்ற சத்திரவைத்தியர், மீண்டும் அதே ஐதரோக்குளோரிக்கமிலத்திலே கனிப்பொருள் நீக்கிய எலும்பை முயல், எலி முதலிய விலங்குகளின் தசைக்குள்ளே வைத்தார். தசை எலும்பு வளராத இடம். சில வாரங்களில் அங்கே புதிய எலும்பு உண்டாயிற்று. அந்நார் வெறும் சாரமாக நிற்கவில்லை. அருகிலுள்ள கலங்களை எலும்பு கட்டும் கலங்களாக மாறுமாறு தூண்டும் ஏதோவொன்று அதில் ஒளிந்திருந்தது. 1971-இல் அதனை எலும்பை உருவாக்கும் புரதம் என யூரிஸ்ட் அழைத்தார். 1981-இல் சம்பத், ஹரி ரெட்டி என்ற இருவர், எலும்பின் நாரிலிருந்து அப்புரதப் பகுதியைப் பிரித்துப் பார்த்தனர். நார் தனித்து எலும்பை உண்டாக்கவில்லை. புரதமும் தனித்து உண்டாக்கவில்லை. இரண்டையும் மீண்டும் சேர்த்தவுடன் எலும்பு வளர்ந்தது. விஞ்ஞானச் சோதனைகளிலே இத்துணை எளிமையும் தெளிவும் உடையவை அரியன. 1988-இல் அப்புரதங்களின் மரபணுக்கள் இனங்காணப்பட்டன. அதன்பின் மாட்டெலும்பை மலைமலையாகக் கரைத்துச் சிறிது புரதம் பெறவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. வளர்ப்புக் கலங்களிலேயே அதனை உற்பத்தி செய்தல் கூடிற்று. அதாவது, அது பண்டமாகத் தக்கதாயிற்று.

2002-ஆம் ஆண்டிலே, மாட்டின் தசைநாரிலிருந்து செய்த கொலாஜன் பஞ்சிலே இப்புரதத்தை ஊறவைத்துப் பயன்படுத்தும் முறை, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டின் குறிப்பிட்டவொரு சிகிச்சைக்கு அமெரிக்காவிலே அனுமதிக்கப்பட்டது. அதனை விற்றது மெட்ரோனிக் நிறுவனம். நோயாளியின் சொந்த இடுப்பெலும்பை வெட்டியெடுக்கும் நோவு இனியில்லை என்பது அதன் பெரும் வாக்குறுதி. அந்நோவு உண்மையானது, ஆதலின் வாக்குறுதியும் அற்பமானதன்று. விரைவிலே அனுமதிக்கப்படாத இடங்களிலும் அது பரவலாகப் பயன்பட்டது. கழுத்திலே வைக்கப்பட்டபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் உண்டாதல் கூடும் என்று 2008-இல் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் எச்சரித்தது. 2011-இல் முள்ளந்தண்டு வைத்தியரின் சஞ்சிகையொன்று முன்னைய ஆய்வுகளை மீளப் பரிசீலித்தது. நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த 13 ஆய்வுகளில், 780 நோயாளருள் ஒருவருக்கேனும் இப்புரதத்தால் தீங்கு நேர்ந்ததாக எழுதப்படவில்லை என்று அது காட்டிற்று. உண்மையான தீங்குகளோ எழுதப்பட்டதிலும் பன்மடங்கு. 2012-இலே அமெரிக்க செனற் சபையின் நிதிக் குழு வெளியிட்ட அறிக்கை, 1996 முதல் 2010 வரையில் அந்நிறுவனம் தன் ஆய்வுகளை எழுதிய வைத்தியர்களுக்கு ஏறத்தாழ 21 கோடி டொலர் கொடுத்ததையும், கட்டுரைகளை எழுதுவதிலும் திருத்துவதிலும் நிறுவனத்தார் கைவைத்ததையும் வெளிப்படுத்திற்று. பின்னர் நிறுவனம் தன் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க, அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுவினர் 2013-இல் தந்த முடிவு: இடுப்பெலும்பை ஒட்டும் பழைய முறையிலும் பார்க்க இதனால் பெரும் நன்மையெதுவும் தெளிவாகவில்லை.

பாரிசிலே உண்மை வெளிவரப் பத்தாண்டுகள் சென்றன என்று மேலே வியந்தோம். இங்கும் பதினோராண்டுகள் சென்றுள்ளன. டார்செயின் காலத்திலே பிழைக்குக் காரணம் அறியாமையும் சிக்கனமும். இம்முறை அறிவு குறைவாயிருக்கவில்லை. யூரிஸ்ட், ரெட்டி, சம்பத் ஆகியோர் கண்டது பொய்யுமன்று. நாரும் புரதமும் சேர எலும்பு வளரும் என்பது இன்றும் மெய்யே. எவ்வளவு, எவ்விடத்தில், யாருக்கு என்ற வினாக்களை விற்பனைக் கணக்கே முந்திக்கொண்டு தீர்மானித்தது.

ஆய்வுகூடங்களிலே வேலை நிற்கவில்லை. கொலாஜன் பஞ்சு ஈரத்திலே மெலிவது. சுமை தாங்கும் காலெலும்புக்குத் தனித்து உதவாது. ஆதலின் அதனோடு கல்சியம் பொசுபேற்றையோ கைற்றோசானையோ சேர்த்துப் பார்க்கின்றனர். விலங்கிலிருந்து பெறும் பொருளாகையால் ஒரு தொகுதி மற்றொன்றைப்போல இருப்பதில்லை. பெரிய சாரமொன்றின் நடுப்பகுதிக்குக் குருதிக் குழாய்கள் எட்டுமுன்னரே அங்குள்ள கலங்கள் இறந்துவிடுகின்றன. இன்று ஆராய்ச்சியாளரைத் திணறவைக்கும் தடைகளுள் இது முதன்மையானது.

எமது நாட்டிலே வேறொரு வழி சிறிதளவில் நடைபெற்று வந்திருக்கின்றது. ஹட்சன் சில்வா என்ற வைத்தியர் 1961-இல் தொடங்கிய கண்தான சங்கத்தின் மரபிலே, சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன் 1996-இல் கொழும்பிலே மனித இழைய வங்கி திறக்கப்பட்டது. இறந்தவரின் கொடையாகக் கிடைக்கும் எலும்பு அங்கே கழுவி உலர்த்தப்பட்டு, பொதியிலே அடைக்கப்பட்டு, காமாக் கதிரினாலே கிருமி நீக்கப்பட்டு, சத்திரவைத்தியர்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வெலும்பின் நாரிலே, யாரென்றறியாத நோயாளி ஒருவரின் கலங்கள் பற்றி ஏறித் தம் வேலையைத் தொடங்கும்.